வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடுங்கள்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் குடியிருப்பவருக்கு இமயமலை அவ்வளவு தூரமில்லை. மெஜஸ்டிக் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய் கர்நாடகா எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மூன்றாம் நாள் டில்லி. அங்கிருந்து டேராடூனுக்கோ மணாலிக்கோ ஓர் இரவுப் பேருந்து. யுகாதி, தமிழ்ப் புத்தாண்டு, புனித வெள்ளி, மே தினம் என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால், ஸ்ரீராமபுரம், மல்லேஸ்வரம், ராஜாஜிநகர் பக்கத்துப் பிள்ளைகள் குழு சேர்ந்து ட்ரெக்கிங் கிளம்புவதும் இந்த மாதங்களில்தான். அதே மாதங்களில்தான் மலையில் பனி இளக ஆரம்பிக்கிறது. இந்த அத்தியாயம் அந்த இளகும் பனியைப் பற்றியது.

வசந்தகாலப் பனி மணிக்கு மணி மாறும். காலை 5 மணிக்கு ஷூ முனை இறங்காமல் இறுகிக் கிடக்கும் அதே சரிவு, பகல் 12 மணிக்கு முழங்கால்வரை உள்வாங்கும். நாம் திட்டம் போடுவதோ லீவு நாளையும் திரும்பும் டிக்கெட்டையும் வைத்து. இந்த இரண்டு கணக்கும் மோதும்போது உயிர் போகிறது. கீழே சொல்லப்போகும் விவரங்கள் பல உங்களுக்கு மறந்துபோகலாம். இதை மட்டும் மறக்காதீர்கள்.

நம்மவர்களுக்கு நடந்தவை

2024 மே 29 அன்று கர்நாடகத்திலிருந்து போன குழு ஒன்று, உள்ளூர் வழிகாட்டிகளையும் சேர்த்து 22 பேராக, உத்தரகாசி பக்கம் சஹஸ்திர தால் ஏரியை நோக்கி நடக்கத் தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் பெங்களூர்க்காரர்கள். ஜூன் 3 அன்று, 4,000 மீட்டருக்கு மேலே, பனிப்புயலில் சிக்கினார்கள். 9 பேர் இறந்துபோனார்கள். மற்றவர்களை மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்டன. அந்த உயிர்களைப் பறித்தது பனிச்சரிவு இல்லை, காற்றும் குளிரும். இருந்தாலும் இதை இங்கே முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெங்களூரில் ஜூன் என்றால் மழைக்காலம் தொடங்கிவிட்டது. 4,000 மீட்டர் உயரத்தில் ஜூன் மாதத்திலும் ஒரே பிற்பகலில் குளிர்காலம் திரும்பி வரும்.

பனிச்சரிவு என்றால் கர்நாடகத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சியாச்சின். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் காவல்நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்து, 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்களைப் புதைத்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாட்களுக்குப் பிறகு, பல அடி பனிக்குக் கீழிருந்து, தார்வாட் மாவட்டத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டில்லி ராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. ஆறு நாள் தாங்கினாரே, அப்படியானால் பனிக்குள் பிழைக்க முடியும்போல என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கூடாரத்துக்குள் காற்றுக்கு இடம் இருந்ததால் நடந்த அபூர்வம் அது. திறந்த சரிவில் புதைபவருக்குக் கிடைப்பது நிமிடங்கள்தான்.

2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழுவைப் பனிச்சரிவு அடித்தது. 27 உடல்கள் கிடைத்தன. இருவர் கிடைக்கவே இல்லை. கயிறும் கருவியும் பயிற்சியாளர்களும் உடனிருந்த குழு அது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் பனிச்சரிவில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் மலையேறப் போனவர்களே இல்லை. வண்டியில் வந்து பனி பார்க்க இறங்கியவர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அப்பால் மானாவில் எல்லைச் சாலைத் தொழிலாளர்களின் முகாம் புதைந்து 8 பேர் இறந்தார்கள். தேர்ந்தவர், தேறாதவர், கூலிக்குப் போனவர் என்று பனி யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பனி கேட்பதெல்லாம் எந்தச் சரிவின் கீழே, எந்த நேரத்தில் நின்றீர்கள் என்பதைத்தான்.

பனி ஏன் சரிகிறது

குளிர்காலம் முழுக்கப் பனி ஒரே மூட்டையாகச் சேர்வதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நடுவில் வெயில் அடித்தால் மேல்தோல் உருகி, இரவில் ஐஸாக இறுகும். அதன்மேல் அடுத்த அடுக்கு விழும். குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லியதாகப் பெய்த பனி, மண்ணின் சூட்டுக்கும் மேலே உள்ள கடுங்குளிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய பருக்கைகளாக மாறிவிடும். ஸ்பிதி, லடாக் போன்ற வறண்ட குளிர்ப் பகுதிகளில் இது மிகச் சாதாரணம். அந்தப் பருக்கைகளின்மேல் மீட்டர் கணக்கில் பனி உட்கார்ந்திருக்கும். பிடிப்பில்லாத அடுக்கு எங்கோ ஓரிடத்தில் நொறுங்கினால், மேலே உள்ள பலகை முழுதாக விரிசல் விட்டுக் கிளம்பும். நடக்கும்போது காலடியில் ‘வூம்ப்’ என்று ஒரு சத்தம் கேட்டு, பனி லேசாக அமுங்குவது தெரிந்தால், அந்த அடுக்கு நொறுங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்திலிருந்து வந்த வழியே திரும்புங்கள். விவாதத்துக்கு இடமில்லை.

இது உலர்ந்த பனியின் கதை. வசந்தத்தில் இன்னொன்று சேர்கிறது: தண்ணீர். வெயிலில் மேற்பரப்பு உருகி, நீர் கசிந்து கீழே இறங்கும். பருக்கைகளைப் பிணைத்திருந்த உறைபிடி ஒவ்வொன்றாகக் கரையும். இறங்கிய நீர் பழைய ஐஸ் தோலின்மேலோ புல்தரையின்மேலோ தேங்கி நின்று வழுக்கவைக்கும். ஈரப்பனிச்சரிவு மெதுவாக வரும் என்று சொல்வதுண்டு. அதன் எடையை யாரும் சொல்வதில்லை. மரத்தை வேரோடு கொண்டுபோகும் எடை அது.

உலர்பனியில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் தங்கள் காலடியாலோ கூட வந்தவரின் காலடியாலோ சரிவைக் கிளப்பிவிட்டவர்கள். ஈரப்பனி யாரும் மிதிக்காமலே, தன் நேரம் வந்ததும், தானாக வரும். எப்படி மிதிப்பது என்ற திறமை அங்கே செல்லாது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லாமல் இருப்பது ஒன்றே வழி.

சரிவின் கோணம்: கிளம்புமுன் ஊரிலேயே பழகுங்கள்

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள இடங்களில் கிளம்புகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேரச் சேரச் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். 25 பாகைக்குக் குறைந்த இடத்தில் கிளம்புவது அரிது. ஈரப்பனி மட்டும் சில சமயம் விதிவிலக்கு. 30 பாகை என்றால் பயங்கரமான செங்குத்து என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய அதுதான். மலையில் அவ்வளவு சாய்வைப் பார்த்தால் ‘இது சும்மா மேடுதானே’ என்று தோன்றும்.

கண்ணை நம்ப வேண்டாம், அளந்து பழகுங்கள். ஃபோனில் சாய்வு காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவனதுர்காவுக்கோ மதுகிரிக்கோ போய், பாறைமேல் ட்ரெக்கிங் கோலைச் சாய்த்து வைத்து, அதன்மேல் ஃபோனை வைத்து அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்ளுங்கள். பத்து இருபது இடங்களில் அளந்தபிறகு கண் பழகிவிடும்.

ஃபோன் செத்துப்போனால்? குளிரில் பேட்டரி சீக்கிரம் சாகும் என்பதால் கோலாலேயே அளக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கோல்களையும் ஒரே நீளத்துக்கு வையுங்கள். ஒன்றைச் செங்குத்தாகப் பனிமேல் நிறுத்துங்கள். ஊன்றிப் புதைக்க வேண்டாம். இரண்டாவது கோலின் பிடியை முதல் கோலின் உச்சியில் வைத்து, முனை மேட்டுப் பக்கம் பார்க்கும்படி மட்டமாகப் பிடியுங்கள். முனை சரியாகப் பனியைத் தொட்டால் அந்தச் சரிவு 45 பாகை. தொடவில்லையா? மட்டம் குலையாமல் இரண்டாவது கோலைச் செங்குத்துக் கோலை ஒட்டிக் கீழே இறக்குங்கள். பாதி உயரத்துக்கு வரும்போது முனை தொட்டால் சுமார் 27 பாகை. பாதிக்கு மேலேயே தொட்டுவிட்டது என்றால் நீங்கள் ஆபத்து எல்லைக்குள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நீங்கள் நடக்கும் பாதை மட்டமாக இருக்கலாம். தலைக்குமேல் தொங்கும் சரிவின் கோணம்தான் கணக்கு. நாதுலாவிலும் மானாவிலும் செத்தவர்கள் யாரும் செங்குத்தில் ஏறிக்கொண்டிருக்கவில்லை.

காலையில் பார்க்க வேண்டியவை

இரவு 2 மணிக்குக் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து முதலில் வானத்தைப் பாருங்கள். நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. திறந்த வானத்தின் கீழே பனி தன் சூட்டை வெளியே விட்டு நன்றாக உறைந்திருக்கும். மேகம் மூடிய இரவு நமக்குக் கதகதப்பாக இருக்கும். பனிக்கு அது கெடுதல். சூடு வெளியேற வழியில்லாமல் நேற்றைய ஈரம் அப்படியே உள்ளே நிற்கும். அப்படிப்பட்ட காலையில் சீக்கிரம் கிளம்பினாலும் பயனில்லை. இரவில் மழை பெய்திருந்தால் அன்றைக்குச் சரிவுப் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது உங்கள் கால். ஷூ பனியில் தடம் மட்டும் பதிக்கிறதா, கணுக்கால்வரை போகிறதா, ஆடுசதைவரை போகிறதா? தடம் பதிந்தால் போகலாம். கணுக்கால்வரை போக ஆரம்பித்தால் நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. ஆடுசதைவரை போனால், சிகரம் நூறு மீட்டரில் இருந்தாலும், இறங்கியாக வேண்டும். கையுறையோடு ஒரு பிடி பனியை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்தால் ஈரம் வந்துவிட்டது. தண்ணீர் சொட்டினால் நீங்கள் அங்கே இருக்கவே கூடாது. சரிவில் சின்னச் சின்னப் பனி உருளைகள் தானாக உருண்டு வந்து கோடு போட்டிருந்தால், அல்லது பாறைகளின் அடியிலிருந்து சிறு சரிவுகள் விசிறி வடிவில் இறங்கியிருந்தால், பெரியது பின்னால் வருகிறது என்று மலை சொல்கிறது.

திசையையும் பார்க்க வேண்டும். கிழக்கு நோக்கிய சரிவில் முதலில் வெயில் விழும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்கு நோக்கிய சரிவு வெயில் படாமல் இருப்பதால் அங்கே குளிர்காலத்துப் பிடிப்பில்லாத அடுக்குகள் மே மாதம்வரைகூட உயிரோடு இருக்கும். முகடுகளில் காற்று வந்து மோதும் பக்கத்துக்கு மறுபுறமாகப் பனி கூரைபோட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருந்து பார்த்தால் தரை எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. புகைப்படத்துக்காக முகட்டு ஓரம் போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுங்கள்.

எல்லாவற்றையும்விட அழகான நாளே மோசமான நாள். மேற்கத்திய இடையூறு எனப்படும் புயல் அமைப்பு வந்து இரண்டு நாள் கனமாகக் கொட்டிவிட்டு, மூன்றாம் நாள் வானம் நீலமாகத் திறந்து வெயில் அடிக்கும்போது எல்லோருக்கும் கால் பரபரக்கும். புதுப்பனியின் எடை பழைய அடுக்கின்மேல் இன்னும் அமரவில்லை. வெயிலோ சூடேற்ற ஆரம்பித்துவிட்டது. பெரிய பொழிவுக்குப்பின் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், கூடாரத்திலேயே உட்காருங்கள்.

ரூபின் கணவாய்

பெங்களூர்க் குழுக்கள் மே கடைசியில் விரும்பிப் போகும் பாதைகளில் ஒன்று ரூபின் கணவாய். உயரம் சுமார் 4,650 மீட்டர். உத்தரகண்டில் தௌலாவில் தொடங்கி, ஹிமாசலத்தில் சாங்லாவில் இறங்கும். வழியில் வரும் அருவிக்குப் பக்கத்தில் ஆற்றின்மேல் பனிப்பாலங்கள் உண்டு. கடைசியில் கணவாய்க்குக் கீழே செங்குத்தான ஒரு பனி ஓடை. இந்த அத்தியாயத்தில் சொன்னதெல்லாம் அந்த ஓடையில் ஒன்றாகச் சேரும். இருபுறமும் பாறை. வெயில் பட்டதும் பாறை சூடேறி, மேலிருந்து கல்லும் பனியும் உதிரும். அதனால்தான் கைடுகள் விடிவதற்கு முன்பே கிளப்புகிறார்கள்.

ஆனால் விடியற்காலைப் பனி இறுகி வழுக்கும். தவறினால் நிற்காமல் கீழே போய்விடுவீர்கள். சீக்கிரம் போனால் வழுக்கல், தாமதித்தால் சரிவு. இந்த இக்கட்டுக்குத் தீர்வு, சீக்கிரம் போவதும் அதற்கான இரும்புப் பல் மாட்டிப் போவதும். மைக்ரோஸ்பைக்ஸ் இல்லாமல் இறுகிய பனியில் கால் வைக்காதீர்கள். படி வெட்டி, கயிறு கட்டிக் கொடுக்க ஐஸ் ஆக்ஸோடு ஒருவர் முன்னால் போக வேண்டும்.

பனிப்பாலத்தைக் காலையில் கடந்தீர்கள் என்பதற்காக மாலையிலும் அது தாங்கும் என்று எண்ணாதீர்கள். அடியில் ஆறு அரித்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் குழிந்தோ நிறம் கறுத்தோ இருந்தால் சுற்றிப் போங்கள்.

ஆபத்தான சரிவைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒருவர் பின் ஒருவராகக் கடக்கவும். ஒருவர் கடந்து பத்திரமான இடம் சேர்ந்தபின்தான் அடுத்தவர். மற்றவர்கள் கண்ணை அவர்மேலேயே வைத்திருக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். கோலின் வாரிலிருந்து மணிக்கட்டை எடுத்துவிடுங்கள். நடுவில் நின்று செல்ஃபி எடுப்பதோ, தண்ணீர் குடிப்பதோ, பின்னால் வருபவருக்குக் கை காட்டுவதோ கூடாது.

புதைந்தால்

சரிவு கிளம்பியதும் கத்துங்கள். கோல்களை விட்டுவிட்டு ஓரத்தை நோக்கிப் போராடுங்கள். வேகம் குறைவது தெரிந்ததும் ஒரு கையை முகத்துக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் செய்யுங்கள். மற்றதை மேலே நீட்டுங்கள். நின்ற மறுகணம் பனி இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது.

முழுதாகப் புதைந்தவர்களில், 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் ஆனால் மூன்று பேர்தான். ஆல்ப்ஸ் மலைகளில் பல்லாண்டுகளாகச் சேர்த்த கணக்கு இது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. காப்பாற்றக்கூடியவர்கள் உடன் வந்தவர்கள் மட்டும்தான். கடைசியாக எங்கே பார்த்தீர்களோ அங்கே அடையாளம் வைத்து, அதற்குக் கீழ்ப்புறமாகத் தேடுங்கள். வெளியே தெரியும் கையுறை, பை, கோல் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். ஆட்கள் போதுமான அளவு இருந்தால் ஒழிய, உதவி கேட்க ஒருவரைக் கீழே அனுப்பித் தேடும் கைகளைக் குறைக்காதீர்கள்.

ஐரோப்பாவில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கி, புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் பீக்கன், மடக்கு ஈட்டி, மண்வாரி மூன்றையும் ஆளுக்கொன்று எடுத்துப்போகிறார்கள். நம் ஊர் ட்ரெக்குகளில் அந்த வழக்கம் இல்லை. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாறும்வரை, பீக்கன் தேவைப்படும் சரிவுகளுக்குப் பீக்கன் இல்லாமல் போகாதீர்கள். ஏப்ரலில் தயாரா புக்யால், கேதார்காந்தா போன்ற காடும் புல்வெளியும் முகடுமான பாதைகள் முதன்முறை போகிறவருக்குப் போதும். உயரக் கணவாய்கள் ஜூன்வரை காத்திருக்கும்.

முன்பதிவுக்கு முன்

ட்ரெக் நடத்துபவரிடம் கேளுங்கள்: கணவாய் நாளன்று எத்தனை மணிக்குக் கிளப்புவீர்கள்? எத்தனை மணி ஆனால் திரும்புவீர்கள்? அந்த முடிவை யார் எடுப்பார், வழிகாட்டியா, அலுவலகமா? வானிலை கெட்டால் உபரி நாள் உண்டா? பாதுகாப்பு அமைச்சகத்தின் டிஆர்டிஓவைச் சேர்ந்த டிஜிஆர்இ நிறுவனம் மாவட்டவாரியாக, எத்தனை மீட்டருக்கு மேல் எவ்வளவு ஆபத்து என்று பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. முன்பு ‘சாசே’ என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தின் தொடர்ச்சிதான் இது. அந்த அறிவிப்பைப் பார்க்கிறீர்களா என்றும் கேளுங்கள். ‘நம்மிடம் இதுவரை ஒன்றும் ஆனதில்லை சார்’ என்பது பதில் இல்லை. நேரத்தைச் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கர்நாடகத்தில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று சாட்டிலைட் ஃபோனையோ செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியையோ எடுத்துப்போகாதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம், கைதானவர்கள் உண்டு. அவசரத்துக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. காப்பீட்டில் உயர வரம்பு எவ்வளவு என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடியை மறக்கவே கூடாது. வசந்த வெயில் பனியில் பட்டு எதிரொளித்தால் ஒரே பகலில் கண் எரிந்து பார்வை மங்கிவிடும்.

கடைசியாக, லீவு. ஆறு நாள் ட்ரெக் என்றால் அலுவலகத்தில் கூடுதலாக இரண்டு நாள் கேட்டு வாங்குங்கள். திரும்பும் ரயில் டிக்கெட்டையும் அந்த இரண்டு நாள் தள்ளியே போடுங்கள். கைடு காலை 9 மணிக்கு ‘இன்றைக்கு வேண்டாம், இறங்குவோம்’ என்று சொன்னால், ‘நாளைக்கு எனக்கு ரயில்’ என்று சொல்லும் நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது. லீவு கிடைக்கவில்லையென்றால் இந்த ஆண்டு அந்தக் கணவாய்க்குப் போகாதீர்கள். அடுத்த ஆண்டு போங்கள்.